அணி யாருடையது? சேலம்–நாமக்கல் சமவெளியும் தொழில்முறைக் கால்பந்தும்

கென்யாவின் தென்மேற்கு மேட்டுநிலத்தில் கிசி என்றொரு ஊர். வாழையும் தேயிலையும் விளையும் பூமி. அந்த ஊரின் கால்பந்து அணிக்கு ஷபானா என்று பெயர். தலைவர் பெயரோ குலப் பெயரோ அல்ல. 1980இல் அணியைத் தொடங்கிவைத்த ஹார்டுவேர் கடையின் பெயர். ஆணியும் தகரமும் விற்ற கடையின் அணி நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியது, பிறகு கீழே விழுந்தது, 17 ஆண்டு அங்கேயே கிடந்துவிட்டு 2023இல் மறுபடி மேலே வந்தது. வந்தபோது கிசிக்காரர்கள் மைதானத்தில் இருந்தார்கள்.

கிழக்காப்பிரிக்கா நம்மூருக்கு அத்தனை தூரத்து நாடும் அல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கென்யாவிலும் தான்சானியாவிலும் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கின்றன. வண்டியோடு போன சமவெளிக்காரர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். அங்கே ஒரு நடுத்தர ஊர் தாங்குகிற கால்பந்து அணியை இங்கே சேலமோ நாமக்கல்லோ ஏன் தாங்கவில்லை? இனி ஒன்று வந்தால் நிலைக்குமா?

இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உடனே கிடைக்கும். பணம் போட ஆளில்லை, கிரிக்கெட் விடாது, மைதானம் கிடையாது. மூன்றும் பாதி உண்மை. ஆனால் கிழக்காப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வாழ்ந்த அணிகளையும் செத்த அணிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பணம் இருந்தும் செத்தவை பல, பணமில்லாமலும் பிழைத்தவை சில. வித்தியாசம் பெரும்பாலும் வேறொரு இடத்தில் இருக்கிறது: அணி யார் கையில் இருக்கிறது, அந்தக் கை விலகினால் பிடிக்க வேறு கை உண்டா என்பதில்.

ஆள்தொகைக் கணக்கு

முதலில் ஊர் சிறியது என்ற வாதத்தை முடித்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர். சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம், 1997இல் அதிலிருந்து பிரிந்த நாமக்கல்லில் 17.3 லட்சம். இரண்டும் சேர்ந்தால் 52 லட்சம். அதே கணக்கெடுப்பில் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் 3 லட்சம் பேர்கூட இல்லை. அந்த ஐஸ்வாலின் அணிதான் 2016–17இல் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பின்னுக்குத் தள்ளி இந்தியாவின் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. ஆகவே தலை எண்ணிக்கை நமக்குத் தடையல்ல.

தொழில்முறை அணி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடிக் கோப்பைக்கு ஆடுவது அல்ல. ஆட்டக்காரருக்கு எழுத்து ஒப்பந்தம், மாதச் சம்பளம், பதிவு, சிறுவர் அணிகள், தகுதி பெற்ற பயிற்சியாளர், தணிக்கை செய்த கணக்கு, பயன்படுத்த உரிமையுள்ள மைதானம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிமம் கேட்பது இவற்றைத்தான். உரிமம் இல்லாத அணி மைதானத்தில் எவ்வளவு ஜெயித்தாலும் அடுத்த சீசனில் லீக்குக்கு வெளியே.

கம்பெனி அணிகள்

கிழக்காப்பிரிக்கச் சிற்றூர் அணிகளில் ஒரு பெரிய வகை ஆலை அணி. கென்யாவிலும் தான்சானியாவிலும் சர்க்கரை ஆலை இருக்குமிடத்தில் கால்பந்து அணியும் இருக்கும். தான்சானியாவின் மொரோகோரோ பகுதியில் துரியானி என்ற சிற்றூரின் மிட்டிப்வா சுகர் அணி 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டும் நாட்டின் சாம்பியன். தார் எஸ் சலாமின் பெரிய கிளப்புகள் கரும்புக்காட்டு அணியிடம் பட்டத்தை இழந்தன. கென்யாவில் அவெண்டோ என்ற ஆலை ஊரின் சோனி சுகர் 2006இல் லீக்கை வென்றது.

பிறகு நடந்ததுதான் பாடம். ஆலைக்குக் கஷ்டம் வந்தபோது அணிக்கும் வந்தது. 2019இல் சோனி சுகர் மூன்று ஆட்டங்களுக்கு வராமல் போய் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆலை தும்மினால் அணிக்குக் காய்ச்சல். மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இதே கதைதான், பெரிய எழுத்தில். பஞ்சாபின் பக்வாரா என்ற ஜவுளி ஊரில் 1971இல் தொடங்கிய ஜே.சி.டி. அணி, 1996–97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கின் சாம்பியன். மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2005–06இல் அதே லீக்கை வென்றது. 2010இல் மஹிந்திராவும் 2011இல் ஜே.சி.டி.யும் கதவைச் சாத்தின. இரண்டு கம்பெனிகளும் திவாலாகிவிடவில்லை. ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை, தொலைக்காட்சியில் காட்டுவாரில்லை, செலவுக்கேற்ற பெயர் கிடைக்கவில்லை என்று ஜே.சி.டி. நிர்வாகம் கணக்குப் பார்த்தது, நிறுத்தியது. விளம்பரச் செலவில் பிறந்த அணியை விளம்பரத் துறையே முடித்தும் வைக்கும்.

நம் பகுதிக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் இரும்பு உருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம்தான் 2013இல் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம், 2016இல் ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம், 2018–19இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டம் என்று அந்த அணி வேகமாக வளர்ந்தது. உலை மேட்டூர் ரோட்டில் எரிந்தாலும் அணி பெங்களூரில் பிறந்ததற்குக் காரணம் எளிது: நிறுவனம் தன் தொழிலாளி இருக்கும் இடத்தில் அணி வைப்பதில்லை, தன் பெயரைப் பார்க்கும் சந்தை இருக்கும் இடத்தில் வைக்கிறது. 'பெரிய கம்பெனி ஒன்று மனசு வைத்தால்' என்று நம்மூரில் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசுத்துறை அணிகள்

உகாண்டாவின் பெருமைக்குரிய கே.சி.சி.ஏ. அணி 1963இல் கம்பாலா நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் தொடங்கியது. சாக்கடைப் பிரிவு ஊழியர்கள் மாலையில் ஆடிய ஆட்டம் நாட்டின் முன்னணி கிளப் ஆயிற்று. தான்சானியாவின் தென்மேற்கில் மிபேயா நகராட்சி 2011இல் தொடங்கிய மிபேயா சிட்டி, 2013–14இல் முதல்நிலை லீக்குக்கு வந்த முதல் ஆண்டிலேயே மூன்றாம் இடம் பிடித்தது. ராணுவ அணி, சிறைத்துறை அணி, வரித்துறை அணி என்று அங்கே இந்த வகைக்குப் பஞ்சமில்லை.

தமிழ்நாட்டின் கால்பந்தையும் நெடுங்காலம் தாங்கியது இதே தோள்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, காவல்துறை, மின்வாரியம், வருமானவரித் துறை. இந்தியன் வங்கி 1996–97இல் முதல் தேசிய லீக்கிலேயே ஆடியது. இந்த அணிகள் ஆட்டக்காரருக்குக் கொடுத்தது சம்பளம் மட்டுமல்ல, ஓய்வூதியம் வரை நீளும் வேலை. மீனவக் குப்பத்திலிருந்தும் ரயில்வே காலனியிலிருந்தும் வந்த பையன்கள் இந்த வாசல் வழியாகத்தான் நடுத்தர வாழ்க்கைக்குள் வந்தார்கள். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று சொன்னால் இன்றும் வீட்டில் அப்பா சம்மதிப்பார். 'புரொபஷனல் பிளேயர்' என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் இந்த வகைக்கு இரண்டு குறை. எல்லா அணியும் சென்னையில். அடுத்து, வங்கி அணிக்கு ஊர் கிடையாது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தெரு கிடையாது. வேலைக்கு ஆள் எடுப்பதைத் துறை குறைத்தபோது அணிகள் சத்தமில்லாமல் இளைத்தன, கேட்க ஆளில்லை. கம்பாலாவிலும் மிபேயாவிலும் நகராட்சி அணி ஊரின் அணியாக மாறியதற்குக் காரணம், அதன் பெயரே ஊர்ப்பெயர் என்பதும் ஆட்டம் ஊருக்குள்ளேயே நடந்தது என்பதும்.

முதலாளி அணிகள்

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் தொழில்முறைக் கால்பந்து அணி வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், கோயம்புத்தூரில், அது நடந்து முடிந்துவிட்டது.

1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று சென்னையில் பிறந்த அணி, சென்னை சிட்டி எஃப்.சி. ஆகி 2016–17இல் நேரடி அனுமதியில் ஐ-லீக்குக்குள் வந்தது. அடுத்த சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் கடைகள், உள்ளே ஓடுதளம், அதற்குள் புல்தரை. பந்தயத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே தடகளப் பாதையின் இடைவெளி. கால்பந்துக்கென்று கட்டிய இடமே அல்ல. இருந்தும் 2018–19இல் அங்கே நடந்தது சாதாரணமல்ல. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, கோவை மண்ணில் பட்டம் வென்றார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்கியது.

2021–22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் பெரிய அணிகளுக்குப் போனார்கள், வெளிநாட்டுப் பங்காளி விலகினார், பெருந்தொற்றில் ஆட்டம் வேற்றூருக்குப் போயிற்று, கடைசியில் உரிமம் கிடைக்கவில்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுக்குள் கதை முடிந்தது. அணி போனபோது கோவையில் ஊர்வலம் நடக்கவில்லை, உண்டியல் ஏறவில்லை. ஊர்க்காரருக்கு வாய்ப்பு கொடுத்திருந்தால் காப்பாற்றியிருப்பார்களா என்பது வேறு. அவர்களுக்கு அதில் ஓர் ஓட்டோ பங்கோ இருந்ததில்லை. டிக்கெட் மட்டும் இருந்தது.

உச்சத்திலும் இதே நிலைதான். 2014இல் பகட்டாகத் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. 2015, 2017–18 என்று இருமுறை சாம்பியன். ஆனால் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிப்பு இழுபறியானது. 2025 ஜூலையில் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. பெங்களூரு முதன்மை அணியின் சம்பளத்தை நிறுத்தியது. ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து தாமதமானதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்த அணிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

சேலத்தின் பெயரும் இப்படி ஒரு பலகையில் ஏறியிருக்கிறது, கிரிக்கெட்டில். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தூத்துக்குடியின் பெயரில் ஆடிய அணிதான் பிறகு சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. தூத்துக்குடியில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளை இன்னொரு ஊருக்குப் போனாலும் நம்மைக் கேட்கமாட்டார்கள்.

உறுப்பினர் அணிகள்

தார் எஸ் சலாமின் யங் ஆப்பிரிக்கன்ஸ் 1935இலும் சிம்பா 1936இலும் பிறந்தவை. காலனி ஆட்சி, விடுதலை, உஜமா சோஷலிசம், தாராளமயம் எல்லாவற்றையும் கடந்து ஆடிக்கொண்டிருக்கின்றன. 2023இல் யங் ஆப்பிரிக்கன்ஸும் 2025இல் சிம்பாவும் ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டம் வரை போயின. இரண்டும் உறுப்பினர் கிளப். சந்தா கட்டியவர் பொதுக்குழுவில் உட்கார்ந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார். பெரும் பணம் தேவைப்பட்டபோது சிம்பா 49 சதவீதத்தைத் தொழிலதிபர் முகமது தேவ்ஜிக்குக் கொடுக்க முடிவு செய்தது. மீதி 51 உறுப்பினரிடம். முதலாளி வரலாம், ஆனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கென்யாவின் கோர் மாஹியா 1968இல் லுவோ மக்களின் கிளப்பாகத் தொடங்கியது. 1987இல் துனீசியாவின் எஸ்பெரான்ஸை வென்று ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையைப் பெற்றது. இன்றுவரை வேறெந்தக் கென்ய கிளப்பும் கண்டம் தழுவிய கோப்பை வாங்கியதில்லை. 2019இல் ஸ்போர்ட்பெசா என்ற பந்தய நிறுவனம் அரசோடு வரித் தகராறில் கென்யாவில் எல்லா விளம்பர ஆதரவையும் ஒரே நாளில் நிறுத்தியபோது கோர் மாஹியாவும் ஏ.எஃப்.சி. லெபர்ட்ஸும் திண்டாடின. சம்பள பாக்கியால் ஃபிஃபாவின் தடைகூட வந்தது. ஆனால் கலைக்கப்படவில்லை. கலைக்க அங்கே தனி உரிமையாளர் இல்லை.

உறுப்பினர் கிளப் என்றால் எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. தேர்தல் சண்டை, கோஷ்டி, கணக்கு வழக்கு, இனப் பெருமை எல்லாம் உண்டு. சாதிக் கணக்கு கூர்மையான நம் பகுதியில் கோர் மாஹியாவின் பிறப்பு எச்சரிக்கையாகவே படிக்கப்பட வேண்டும். 1980வாக்கில் கென்ய அரசு இனப்பெயர் கொண்ட கிளப்புகளைப் பெயர் மாற்றச் சொன்னது. அபலுஹ்யா என்ற பெயரை இழந்த அணிதான் இன்றைய லெபர்ட்ஸ். ஊர்ப்பெயரில் திறந்த உறுப்பினர் பட்டியலோடு தொடங்குவது அந்தத் தலைவலியை முதலிலேயே தவிர்க்கும்.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு யாழ்ப்பாணம். அங்கே கால்பந்து கிராம விளையாட்டுக் கழகங்களின் ஆட்டம். குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரக் குடியிருப்புகளில் கழகம் என்பது ஊரின் பொதுச்சொத்து. போர் மைதானங்களைத் தின்றது, ஆட்டக்காரர்களைச் சிதறடித்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கரையேறியவர்கள் பந்துக்கும் சீருடைக்கும் பணம் அனுப்பினார்கள். கழகம் ஊருடையது என்பதால் ஊரைவிட்டுப் போனவனுக்கும் அது தன்னுடையதாகவே இருந்தது.

ஏணி இல்லாத கூரை

சொந்தம் யாருடையது என்பது பாதிக் கணக்கு. மறுபாதி, அந்த அணி எதில் ஆடும் என்பது.

ஐஸ்வாலின் வெற்றியை அற்புதம் என்று எழுதினார்கள். ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. ஜோநெட் என்ற உள்ளூர் கேபிள் நிறுவனம் ஒளிபரப்பு உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. மிசோ மொழியில் வர்ணனை. வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். ஆட்டக்காரருக்கு ஆண்டு முழுக்க ஆட்டம் கிடைத்தது, கடைக்காரருக்கு விளம்பரம் போட ஒரு காரணம் கிடைத்தது. 2016–17இல் ஐஸ்வாலின் மொத்தச் செலவு சுமார் 2 கோடி ரூபாய் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. பெரிய அணிகளில் ஒரே ஒரு வெளிநாட்டுக்காரரின் கூலிக்கு அருகில் வரும் தொகை. கீழே லீக் இருந்ததால் மேலே குறைந்த செலவில் நிற்க முடிந்தது.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உயர்ந்த ஆட்டம் என்பது சென்னை சீனியர் டிவிஷன் லீக். சேலத்தில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அவன் முன்னால் இருக்கும் முதல் படி சேலத்தில் இல்லை; எக்மோர் ரயிலில் இருக்கிறது. நம் மாவட்டங்களில் மீதி இருப்பது இரண்டு நாள் நாக்-அவுட் டோர்னமென்ட். தோற்றால் ஒரே ஆட்டத்தில் வீடு. ஆண்டுக்கு ஆறேழு நல்ல ஆட்டம் ஆடிய பையனும், நாற்பது ஆட்டம் ஆடிய மிசோ பையனும் 18 வயதில் தேர்வுக்கு வந்து நிற்கும்போது வித்தியாசம் திறமையில் இருக்காது, பழக்கத்தில் இருக்கும்.

ஏணி இருந்தால் பணமும் கொஞ்சம் கீழே வரும். ஆட்டக்காரர் ஒருவர் சர்வதேச அளவில் விலைக்கு மாறும்போது, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குள் அந்த விலையில் 5 சதவீதம் வரை பகிர்ந்து தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. முதல் தொழில்முறை ஒப்பந்தத்துக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை தனி. கென்யாவின் விக்டர் வன்யாமா செல்டிக்கிலிருந்து சவுத்தாம்டனுக்கும், சிம்பாவில் ஆடிய தான்சானியாவின் எம்பவானா சமட்டா பெல்ஜியத்திலிருந்து ஆஸ்டன் வில்லாவுக்கும் போனபோது இப்படிக் கணக்குப் பார்க்கப்படும். ஆனால் அதற்கு ஆட்டக்காரரின் ஒவ்வோர் ஆண்டும் எந்த கிளப்பில் என்று பதிவாகியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி நடத்தும் கோச்சிங் கேம்ப்புக்கு ஒரு பைசா வராது.

சமவெளியின் கையிருப்பு

இனி நம் பக்கம். முதலில் இல்லாதவற்றைச் சொல்லிவிடலாம். குமரிக் கடற்கரை ஊர்களில் போலவோ வடசென்னையின் வியாசர்பாடியில் போலவோ தெருவுக்குத் தெரு கால்பந்து புழங்கும் பழக்கம் இங்கே இல்லை. கிராமத்தில் கபடி, வாலிபால், டவுனில் கிரிக்கெட். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்கு ஆடிய பிறகு கிரிக்கெட்டின் பிடி இன்னும் இறுகியது. வாழப்பாடியில் 2020இல் திறந்த கிரிக்கெட் மைதானம் மாநிலமே பார்க்கும் தரத்தில் இருக்கிறது. ஆனால் இதே மண்ணில்தான் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம் வாங்கினார். ஒரே ஓர் ஆள் காட்டும் வழிக்கு இந்தப் பகுதி எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதற்கு இருவரும் சாட்சி.

இரண்டாவது தடை பள்ளிக்கூடம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பெயர் போனவை. முன்பு பிளஸ் டூ, இப்போது நீட். பி.டி. பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து நிற்பது இங்கே நகைச்சுவை இல்லை, கால அட்டவணை. 14 முதல் 17 வயது வரை ஆட்டக்காரர் உருவாகும் ஆண்டுகள் முழுவதும் அந்த விடுதிச் சுவருக்குள் கழிகின்றன.

இப்போது இருப்பவை. பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நடக்கும் ஒரு விளையாட்டுப் போட்டியின் நோட்டீஸை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் பரிசு ஒருவர், சுழற்கோப்பை இன்னொருவர், இரண்டாம் பரிசு ஒரு ரிக் ஓனர், மூன்றாம் பரிசு ஒரு பைனான்ஸ், பந்து ஒரு ஹார்டுவேர் கடை, மதியச் சாப்பாடு ஒரு கோழிப்பண்ணை, மைக் செட் வேறொருவர், நோட்டீஸ் அடித்த செலவு அச்சகத்துக்காரரே. கீழே இருபது முப்பது பெயர்கள் சின்ன எழுத்தில். யாரும் முழுச் செலவையும் ஏற்பதில்லை. ஒருவர் அடுத்த ஆண்டு இல்லாவிட்டால் அந்த வரியில் வேறு பெயர் வரும், போட்டி நடக்கும். மஹிந்திராவும் ஜே.சி.டி.யும் கண்டுபிடிக்காத பாதுகாப்பு ஏற்பாடு அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது.

பெரிய அளவிலும் இந்தப் பகுதி பங்கு போட்டே பழகியது. ரிக் வண்டி பலபேர் கூட்டாக வாங்குவது இங்கே புதிதல்ல. 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில், ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள் ஒரே கிடங்கில் சரக்கு வைத்து ஒரே ஏலத்தில் விற்கிறார்கள். நாமக்கல்லின் முட்டை விலை தினமும் ஒருங்கிணைப்புக் குழுவின் பெயரில் வருகிறது. பண்ணைக்காரர் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். லாரி உரிமையாளர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தால் நாடே கவனிக்கிறது. சந்தா, பொதுக்குழு, தேர்தல், தணிக்கை: உறுப்பினர் கிளப் ஒன்றை நடத்தத் தேவையான அத்தனை வித்தையும் இங்கே ஜவ்வரிசிக்கும் முட்டைக்கும் லாரிக்கும் பயன்படுகிறது. பந்துக்குப் பயன்படுத்தப்படவில்லை, அவ்வளவுதான்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 25 ஆட்டக்காரருக்கு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 லட்சம். பயிற்சியாளர்கள், பிசியோ, விடுதி, சாப்பாடு, பயணம் சேர்த்தால் கீழ்நிலைத் தேசிய லீக்கில் அது இரட்டிப்பாகும். ஐ-லீக்கில் ஸ்ரீநகருக்கும் இம்பாலுக்கும் பறந்தால் இன்னும் ஏறும். மறுபக்கம், ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய் வீதம் 5,000 உறுப்பினர் என்றால் 50 லட்சம். 52 லட்சம் பேரில் ஆயிரத்துக்கு ஒருவர். மீதியை நோட்டீஸில் பெயர் போடுகிற அதே ஆட்களிடம் வாங்கலாம். கஷ்டம்தான், முடியாத கணக்கு அல்ல.

பெண்கள் அணியில் தொடங்கினால்

மைதானத்துக்கும் பள்ளிக்கூடத் தடைக்கும் ஒருசேர வழி காட்டும் அணி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி., காரியாபட்டி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தைத் தளமாகக் கொண்டு 2016இல் தொடங்கிய பெண்கள் அணி. 2018–19இல் இந்திய மகளிர் லீக்கின் சாம்பியன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணியும் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. அதன் நடுநாயகமான கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். ஆண்கள் அணி செலவழித்துத் தேடும் இடத்தைப் பெண்கள் அணி குறைந்த செலவில் எட்டியிருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை 44 ஓரமாகச் சேலத்திலிருந்து நாமக்கல் வரை, பிறகு திருச்செங்கோடு பக்கம் போனால், கல்லூரிகள்தான் வரிசையாக வரும். விடுதி, மெஸ், உடற்பயிற்சிக்கூடம், தட்டையான பெரிய மைதானம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. எளையாம்பாளையத்தில் பெண்களுக்கென்றே கல்லூரிகள் கூட்டமாக இருக்கின்றன. நகரத்தில் புதிய ஸ்டேடியம் கட்டக் காத்திருப்பதைவிட இந்த வளாகங்களில் ஒன்றைத் தளமாக்கி, பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கத்துக்கு வருவது நடக்கக்கூடிய ஏற்பாடு. படிப்பும் போகாது, பட்டமும் கிடைக்கும். அரசு வேலையில் விளையாட்டுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீடு பெற்றோரின் பயத்தைக் குறைக்கும். ஒரே எச்சரிக்கை: கல்லூரி இடம் கொடுக்கட்டும், உரிமையாளர் ஆக வேண்டாம். தாளாளர் மாறினால் அணி போய்விடக் கூடாது.

வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். முதலில் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து சீசன் முழுக்க நடக்கும் லீக்; சேலம், ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல், குமாரபாளையம் என்று எட்டு ஊர் இருந்தாலே ஊருக்கு 14 ஆட்டம் கிடைக்கும். அதை உள்ளூர் கேபிளிலும் யூடியூபிலும் காட்டுவது. அதோடு 13, 15 வயதுப் பிரிவுகளில் பதிவோடு கூடிய அணிகள். அதன் மேல் பெண்கள் அணி, கடைசியாக ஆண்கள் தொழில்முறை அணி. சட்ட வடிவம் சங்கமாகவோ கம்பெனியாகவோ இருக்கலாம். உறுப்பினர் பங்கு 51க்குக் கீழே இறங்கக்கூடாது என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.எல். பற்றி முதல் பத்து ஆண்டு யாரும் பேசக்கூடாது.

இதற்குத் தடையாக நிற்கக்கூடியது மாநில, தேசிய அமைப்புகளின் நிலை. 2022இல் கென்யாவையும் இந்தியாவையும் ஃபிஃபா தடை செய்தது. தடையால் ஆசியப் போட்டிக்காக தாஷ்கண்ட் போயிருந்த கோகுலம் கேரளாவின் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். மேலே இருப்பவர்களின் சண்டையில் கீழே இருப்பவரின் சீசன் போகும். ஆனால் அந்த அபாயம்கூட ஒரு முதலாளியை விரட்டிவிடும். ஊர் லீக்கை விரட்டாது. மேலே ஆட்டம் நின்ற ஆண்டிலும் எடப்பாடிக்கும் ராசிபுரத்துக்கும் ஆட்டம் நடக்கும்.

ஆகவே சேலம்–நாமக்கல் சமவெளியில் தொழில்முறைக் கால்பந்து அணி நிலைக்குமா என்றால், வெளியிலிருந்து வரும் பெரிய பணத்தை நம்பித் தொடங்கினால் கோவையில் நடந்ததே இங்கேயும் நடக்கும். உள்ளூரில் பலர் சிறிதாகப் போட்ட பணத்தில், கீழிருந்து மேலே கட்டினால் மெதுவாக வளரும், இரண்டு முறை கீழே விழும், ஆனாலும் இருக்கும். ரிக் வண்டிக்குப் பங்கு எழுதத் தெரிந்த ஊர் அணிக்கும் பங்கு எழுத வேண்டும். முதல் வேலை பொதுக்குழுக் கூட்டம், கோப்பை அதற்குப் பிறகு.